இராசராசன் கொடுத்த பழுதுள்ள வயிரங்கள்: மணிநூல்கள் குறித்து வாசகர் கேள்விகள்

மணிகளைப் பற்றிப் பழைய நூல்கள் கூறுவன குறித்து வந்த கடிதங்களில் எட்டினை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே செய்தியைப் பலர் கேட்டிருந்தால், விரிவாக எழுதியவரின் கேள்வியை மட்டும் வெளியிட்டிருக்கிறேன்.

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி: என் மாமியார் எனக்குக் கொடுத்த ஏழு கல் வயிரத் தோட்டை என் மகளின் திருமணத்துக்காக மெருகேற்றக் கொண்டுபோனோம். அங்கிருந்தவர் கண்ணாடி வைத்துப் பார்த்து, ஒரு கல்லில் காகபாதம் இருக்கிறது, புகுந்த வீட்டுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார். அன்று முதல் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. காகபாதம் என்றால் என்ன? இந்த அச்சம் எங்கிருந்து வந்தது?

அன்புள்ள அம்மா, அந்தத் தோட்டை உங்கள் மகள் மணவறையில் அச்சமின்றி அணியலாம் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டுக் காகபாதத்துக்கு வருகிறேன்.

அந்தச் சொல் மிகப் பழையது. சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரையைச் சுற்றிப் பார்க்கும் ஊர்காண் காதையில், மணிகள் விற்கும் வீதியை இளங்கோவடிகள் நின்று நிதானமாகக் காட்டுகிறார். அங்கே உள்ள வயிரங்கள் 'காகபாதமும் களங்கமும் விந்துவும் ஏகையும் நீங்கி'யவை என்பது அவர் வாக்கு. காக்கையின் கால் பதிந்தாற் போன்ற கீறல், கறை, துளி போன்ற புள்ளி, வரி என்னும் நான்கும் இல்லாதவை என்று பொருள். அதையடுத்து 'நூலவர் நொடிந்த' என்றொரு தொடர் வருகிறது. மணிநூல் வல்லவர்கள் சொல்லிய என்பது அதன் பொருள். இளங்கோவடிகளுக்கு முன்பே மணிகளைச் சோதித்து அறியும் நூல்கள் வழங்கின என்பதும், துறவியாகிய அவர் வணிகரின் கலைச்சொற்களைப் பிழையின்றி அறிந்திருந்தார் என்பதும் இந்த இரண்டு சொற்களால் நமக்குத் தெரியவருகின்றன. உரையாசிரியர் அடியார்க்குநல்லார் இவ்விடத்தில் வயிரத்தின் குற்றங்களைப் பன்னிரண்டாக விரித்து, கீற்று, சப்படி, பிளத்தல், துளை, கரி, விந்து, காகபாதம், தாரை மழுங்கல் என அடுக்கும் பழைய சூத்திரம் ஒன்றையும் எடுத்துக் காட்டுகிறார்.

இவையெல்லாம் கண்ணால் பார்த்து அறியத்தக்க உண்மையான பழுதுகள். வயிரம் எத்துணைக் கடினமானதாயினும், சில குறிப்பிட்ட தளங்களின் போக்கில் அடி விழுந்தால் எளிதில் பிளந்துவிடும். உள்ளே ஓடும் சிறு பிளவுகள் ஓரிடத்தில் கூடும்போது காக்கைக் கால் போலத் தெரியும். அத்தகைய கல், பட்டை தீட்டும்போதோ நகையில் பதிக்கும்போதோ உடைந்துபோகலாம் என்பதால் வணிகர் அதற்கு விலையைக் குறைத்தனர். மதுரை வீதியைப் பாடும் அடிகளில் புகுந்த வீட்டைப் பற்றியோ கேட்டைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை.

கேடு பற்றிய எண்ணமும் பழையதே என்பதை மறைக்கக் கூடாது. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்கிதையில், நல்ல மணியால் அரசர்க்கு நன்மையும் தீய மணியால் தீமையும் விளையும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் பழுதுள்ள கல்லை நம் முன்னோர் தீண்டாமல் ஒதுக்கினார்களா என்று கேட்டால், அதற்கு மிகத் தெளிவான சான்று உங்கள் ஊருக்கு அருகிலேயே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. முதலாம் இராசராசன் தன் 29ஆம் ஆட்சியாண்டு வரையில் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடுத்த அணிகலன்களைக் கல்வெட்டுகள் ஒவ்வொன்றாகக் கணக்கிடுகின்றன. பொன்னை 'ஆடவல்லான்' என்னும் எடைக்கல்லாலும், மணி பதித்த அணிகளைத் 'தட்சிணமேருவிடங்கன்' என்னும் எடைக்கல்லாலும் நிறுத்து, கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று எடையையும், காசில் மதிப்பையும் குறித்திருக்கிறார்கள். உள்ளே வைத்த அரக்கின் எடைகூட மறைக்கப்படவில்லை. அந்தக் கணக்கில் வயிரங்களைச் சொல்லும்போது, பொரிவும் முறிந்தனவும் இரத்தபிந்துவும் காகபிந்துவும் வெந்தனவும் உட்பட என்று எழுதியிருக்கிறது. புள்ளி விழுந்தவை, முறிந்தவை, செம்புள்ளியும் கரும்புள்ளியும் உடையவை, வெந்தாற் போன்ற தழும்புடையவை ஆகிய எல்லாவற்றையும் பேரரசன் தெய்வத் திருமேனிகளுக்குச் சாத்தினான். அவற்றின் பழுதையும் ஒளிக்காமல் வெட்டுவித்தான். அந்தக் கல்வெட்டின் முன் நின்று அவ்வரியைப் படித்தபோது எனக்கு உண்டான மதிப்பை இன்றும் சொல்லி முடிக்க இயலவில்லை. பழுதைக் குறித்தது விலையில் நேர்மை இருக்க வேண்டும் என்பதற்காக.

உங்கள் தோட்டில் பார்க்க வேண்டியது ஒன்றே. அந்தக் கீறல் கல்லின் விளிம்பை எட்டியிருந்தால், பிடிப்பு இறுக்கும்போது கல் தெறிக்கக்கூடும். அதை மட்டும் தெரிந்த ஆசாரியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சேலத்திலிருந்து ஒரு வாசகர்: என் மகனுக்குச் சனி திசை நடப்பதால் நீலக்கல் மோதிரம் போடச் சொல்கிறார்கள். ஒன்பது கோள்களுக்கு ஒன்பது மணிகள் என்பது சங்க காலத்திலிருந்தே உள்ள வழக்கா? ஆங்கில மாதத்துக்கு ஒரு கல் என்று சொல்வதும் இதிலிருந்து வந்ததா?

நீங்கள் இரண்டு வெவ்வேறு வரலாறுகளைக் கேட்டிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கு மாணிக்கம், திங்களுக்கு முத்து, செவ்வாய்க்குப் பவளம், புதனுக்கு மரகதம், வியாழனுக்குப் புட்பராகம், வெள்ளிக்கு வயிரம், சனிக்கு நீலம், இராகுவுக்குக் கோமேதகம், கேதுவுக்கு வைடூரியம் என்று இன்று எல்லாரும் அறிந்த வரிசை, ஜாதக பாரிஜாதம் போன்ற பிற்காலச் சோதிட நூல்களில் காணப்படுவது. ஊர்காண் காதையில் மணிகள் ஒவ்வொன்றாக வருகின்றன. கோள்களோடு அவை இணைக்கப்படவில்லை. முத்துகளைச் சொல்லும் இடத்தில் மட்டும் 'சந்திர குருவே அங்காரகன்' என்று கோள்களின் பெயர் வருகிறது. அங்கும் திங்களைப் போல வெளுத்தும் செவ்வாயைப் போலச் சிவந்தும் ஒளிரும் முத்துகள் என்று நிறத்துக்கு உவமையாகவே கோள்கள் நிற்கின்றன.

இதைவிட வியப்பான சான்றை வராகமிகிரரே தருகிறார். அவர் சோதிடத்துக்கென்றே எழுதிய பிருகத் ஜாதகத்தில், கோள்களுக்கு உரிய பொருள்களைச் சொல்லும்போது ஞாயிற்றுக்குச் செம்பு, திங்களுக்கு மணிகள், செவ்வாய்க்குப் பொன், வியாழனுக்கு வெள்ளி, வெள்ளிக் கோளுக்கு முத்து, சனிக்கு இரும்பு என்று வகுக்கிறார். இன்று திங்களுக்கு உரியதென நாம் உறுதியாக நம்பும் முத்து, சோதிடத்தின் பேராசான் ஒருவரின் நூலில் வெள்ளிக்கு உரியதாக இருந்திருக்கிறது. சனிக்கோ நீலம் இல்லை, இரும்புதான். பிருகத் சம்கிதையில் வயிரம், முத்து, மாணிக்கம், மரகதம் ஆகிய நான்குக்கும் அவர் தனித்தனி இயல் வகுத்தபோதும், பிறந்த நேரத்தைப் பார்த்துக் கல்லைத் தேர்ந்தெடுக்கும் முறையை அங்கே சொல்லவில்லை. கல்லின் தரமே நன்மை தீமைக்குக் காரணமாக அங்கே பேசப்படுகிறது. ஆகவே ஒன்பது கோளும் ஒன்பது மணியும் என்பது காலப்போக்கில் உருவாகி நிலைபெற்ற ஓர் ஒழுங்கு. நிறத்தால் கோளையும் மணியையும் இணைத்த அந்தக் கற்பனையின் அழகை நான் குறைத்துச் சொல்லவில்லை. தொன்மை என்ற பெயரில் அதற்கு இல்லாத வயதைச் சேர்ப்பதையே மறுக்கிறேன்.

மாதக் கற்களின் வழி வேறு. விவிலியத்தில் யாத்திராகமம் 28ஆம் அதிகாரத்தில், தலைமைக் குருவாகிய ஆரோனின் மார்ப்பதக்கத்தில் பன்னிரண்டு குலங்களுக்காகப் பன்னிரண்டு கற்கள் பதிக்கப்பட்ட செய்தி வருகிறது. முதல் நூற்றாண்டில் யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் அந்தப் பன்னிரண்டைப் பன்னிரண்டு மாதங்களோடும் இராசிகளோடும் ஒப்பிட்டார். இப்போது கடைகளில் அச்சிட்டுத் தரும் பட்டியலோ 1912ஆம் ஆண்டில் அமெரிக்க நகை வணிகர் சங்கம் கூடி வரையறுத்தது.

உங்கள் மகனுக்கு நீலம் வாங்குவதா வேண்டாமா என்பது உங்கள் குடும்பத்தின் முடிவு. கடன்பட்டு வாங்க வேண்டாம் என்று மட்டும் உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: மாணிக்கமும் நீலமும் ஒரே கனிமம் என்பது இளங்கோவடிகளுக்கு முன்பே தெரியும் என்று ஒரு சொற்பொழிவில் கேட்டேன். இது சரியா?

அந்தப் பேச்சாளர் குறிப்பிட்டது, 'ஒருமைத் தோற்றத்து ஐவேறு வனப்பின்' என்னும் அடியாக இருக்க வேண்டும். பிறப்பால் ஒன்றாகவும் அழகால் ஐந்தாகவும் உள்ள மணிகள் என்று அது பொருள்படும். அந்த ஐந்தும் மாணிக்கம், புட்பராகம், வைடூரியம், நீலம், கோமேதகம் என்று உரைகாரர்கள் கொள்வர். இன்றைய கனிமவியலின்படி மாணிக்கமும் நீலமும் மஞ்சள் நிறப் புட்பராகமும் அலுமினியம் ஆக்சைடாகிய குருந்தம் என்னும் ஒரே கனிமம்தான். மிகச் சிறிதளவு குரோமியம் கலந்தால் சிவப்பு, இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தால் நீலம். ஐந்தில் மூன்று பொருந்துகின்றன என்பது உண்மையிலேயே வியக்கத்தக்கது.

ஆனால் கோமேதகம் கார்னெட் வகையைச் சேர்ந்தது. வைடூரியம் இன்னொரு கனிமம். எனவே வேதியியலை இளங்கோவடிகள் அறிந்திருந்தார் என்று இந்த அடியைக் கொண்டு சொல்வது பொருந்தாது. ஒரே ஆற்றுச் சரளையில் இந்தக் கற்கள் கலந்து கிடைப்பதை மணி தேடியவர்கள் அறிந்திருந்தார்கள். இலங்கையின் இரத்தினபுரிப் பகுதியில் இன்றும் அப்படியே கிடைக்கின்றன. அந்த அனுபவ அறிவு பாட்டில் ஏறியிருக்கலாம் என்பது என் கருத்து. தமிழர் பெருமைக்கு வேறு உறுதியான சான்று வேண்டுமானால், உலக அறிவியல் அந்தக் கனிமத்துக்கு வைத்திருக்கும் 'கொரண்டம்' என்ற பெயரே குருந்தம் என்னும் நம் சொல்லிலிருந்து சென்றது. மாணிக்கத்தின் வகைகளை 'பதுமமும் நீலமும் விந்தமும் படிதமும்' என்று சொல்லும் அடியில் வரும் விந்தம், குருவிந்தம் என்பதன் சுருக்கம். அதுவும் இந்தச் சொற்குடும்பத்தைச் சேர்ந்ததே.

காங்கேயத்திலிருந்து ஒரு வாசகர்: எங்கள் பக்கத்துப் படியூரில் ரோமானியர் காலத்தில் வைடூரியம் எடுத்தார்கள் என்கிறார்கள். கடையில் வைடூரியம் கேட்டால் பூனைக்கண் போன்ற கல்லைக் காட்டுகிறார்கள். அப்படிப்பட்ட கல் எங்கள் ஊரில் கிடைத்ததாக யாரும் சொல்லவில்லையே?

உங்கள் ஐயம் மிகச் சரியானது. வைடூரியம் என்ற பெயர் இடையில் கல் மாறிவிட்டது. படியூரிலும் அதைச் சுற்றிலும் கிடைத்தது, கடல்நீரின் பச்சையும் நீலமும் கலந்த பெரில் என்னும் கல். வடமொழியில் வைடூர்யம், பாலியிலும் பிராகிருதத்திலும் வேளுரியம் என்று வழங்கிய பழைய சொல் முதலில் இந்தக் கல்லையே குறித்தது என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். அச்சொல்லே கிரேக்கத்தில் பெரில்லோஸ் ஆயிற்று. ஜெர்மானியர் மூக்குக்கண்ணாடியைக் குறிக்க வழங்கும் 'பிரில்லே' என்ற சொல்லும் அதன் வழித்தோன்றல். பாணினி தம் இலக்கணத்தில், விதூரம் என்னும் இடத்திலிருந்து வருவது வைடூர்யம் என்று ஒரு சூத்திரமே அமைத்தார். உரையெழுதிய பதஞ்சலியோ, அந்தக் கல் கிடைப்பது வாலவாயம் என்ற மலையில், விதூரத்தில் அதைப் பக்குவப்படுத்த மட்டுமே செய்கிறார்கள் என்று திருத்தம் சொல்கிறார். கல் எடுக்கும் ஊர் ஒன்று, தீட்டும் ஊர் வேறு என்பதை அத்தனை நூற்றாண்டுகளுக்கு முன்பே ஓர் இலக்கண ஆசிரியர் கவனித்திருப்பது என்னை மிகவும் கவர்ந்த செய்தி.

ரோமானிய அறிஞர் பிளினி, கி.பி. 77 அளவில் முடித்த இயற்கை வரலாற்றின் 37ஆம் நூலில் மணிகளைப் பற்றி எழுதுகிறார். பெரில் இந்தியாவில் விளைவது, வேறெங்கும் கிடைப்பது அரிது என்கிறார். இந்தியர்கள் நீண்ட பெரில் கற்களை மிகவும் விரும்புகிறார்கள், பொன் இல்லாமலே அழகுடைய மணி இது ஒன்றே என்று சொல்லித் துளையிட்டு யானை மயிரில் கோத்து அணிகிறார்கள் என்பதும் அவர் குறிப்பு. யானை மயிர் என்று படித்ததும் கொங்கு நாடும் அதை அடுத்த மலைகளும் என் நினைவுக்கு வந்தன. படிகத்துக்குச் சாயமேற்றிப் போலி பெரில் செய்யவும் இந்தியர் அறிவர் என்று அவர் தொடர்ந்து எழுதுவதையும் விட்டுவிடாமல் சொல்ல வேண்டும்.

உங்கள் ஊருக்கு அதிகத் தொலைவில்லாத கொடுமணல், நொய்யல் கரையில் இருக்கிறது. 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே நடத்திய அகழாய்வுகளில், முழுமை பெற்ற மணிகளோடு பாதி வேலை முடிந்த மணிகளும் கழிவுத் துண்டுகளும் கிடைத்தன. பெரில், நீலம், சூதுபவளம், படிகம் எல்லாம் அவற்றில் உண்டு. பதிற்றுப்பத்து 'கொடுமணம் பட்ட வினைமாண் அருங்கலம்' என்று பாடுவது இந்த ஊரையே என்று ஆய்வாளர் கொள்வர். படியூரில் 1819-20ஆம் ஆண்டுகளில் ஆங்கிலேயர் ஒருவர் மறுபடியும் சுரங்கம் வெட்டிக் கல் எடுத்தார்.

பூனைக்கண் கல் கிரைசோபெரில் என்னும் வேறு கனிமம். உரைகளிலும் பிற்கால மணிநூல்களிலும் வைடூரியம் என்ற பெயர் மெல்ல அதற்குச் சென்றுவிட்டது. கிரைசோபெரில் என்ற பெயருக்குள்ளும் பெரில் ஒளிந்திருக்கிறது. இரு கற்களிலும் இருக்கும் பெரிலியம் என்ற தனிமமும் அந்தச் சொல்லால்தான் பெயர் பெற்றது.

தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகர்: யானைக் கொம்பிலும் மூங்கிலிலும் முத்து பிறக்கும் என்று பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். இதற்கு நூல் ஆதாரம் உண்டா?

உண்டு. யானை, பாம்பு, சிப்பி, சங்கு, மேகம், மூங்கில், திமி என்னும் பெருமீன், பன்றி ஆகிய எட்டிலும் முத்து பிறக்கும் என்பது பிருகத் சம்கிதை. தமிழ் நூல்கள் இந்த எண்ணிக்கையை இன்னும் கூட்டிக் கரும்பு, நெல், வாழை என்று விரிக்கும். சிப்பிக்குள் நுழைந்த நுண்ணுயிரையோ உறுத்தும் பொருளையோ சுற்றிச் சுண்ணாம்புச் சத்து அடுக்கடுக்காகப் படிந்து முத்தாகிறது என்பதே இயற்கை. ஆயினும் அந்தப் பட்டியலைப் பொய் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. மழையும் காடும் கடலும் வயலும் தம் உள்ளே ஒளியை வைத்திருக்கின்றன என்று ஒரு சமூகம் எண்ணியதன் சுவடு அது.

உங்கள் கடலைப் பற்றிய செய்திகள் இதைவிடத் திண்மையானவை. கௌடிலியரின் அர்த்தசாத்திரம் முத்து வகைகளை எண்ணத் தொடங்கும்போது தாமிரபரணி முத்தையே முதலில் வைத்து, பாண்டிய கவாடத்து முத்தை அடுத்துச் சொல்கிறது. முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வழி நூலாகிய பெரிப்புளூசு, பாண்டியர்க்கு உரிய கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்துக் குளித்தார்கள் என்று எழுதுகிறது. முத்தின் பெருமையைப் பேசும் நூல்களுக்கு நடுவே, மூச்சடக்கி மூழ்கியவர்களைப் பற்றிய இந்த ஒரு வரியை நான் மறப்பதில்லை.

தஞ்சைக் கல்வெட்டுகளில் முத்துக்கு இருக்கும் சொற்களையும் பாருங்கள்: வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், கறடு, இரட்டை, சப்பத்தி, குளிர்ந்த நீர், சிவந்த நீர். முத்தின் ஒளியை நீர் என்று சொல்லும் வழக்கு அப்போதே இருந்திருக்கிறது. பாண்டியன் தேவியின் சிலம்பில் பரலாக இருந்தது முத்து, கண்ணகியின் சிலம்பில் இருந்தது மாணிக்கம். கொற்கையை உடைய அரசனின் அரண்மனையில் முத்து இருப்பதே இயல்பு என்பதை அக்காலக் கேட்போர் உடனே உணர்ந்திருப்பார்கள்.

திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகர்: நாகரத்தினம் என்று ஒரு கல்லைப் பல இலட்சம் ரூபாய்க்கு எங்கள் உறவினரிடம் விற்க வந்தார்கள். பாம்பு மணி உமிழும் என்று இலக்கியத்திலேயே இருக்கிறதே?

இருக்கிறது. நாகம் மணியை உமிழ்ந்து வைத்து, அதன் ஒளியில் இருளில் இரை தேடும் என்று சங்கப் புலவர்களே பாடியிருக்கிறார்கள். மலைவழி இரவின் அச்சத்தை அதைவிட அழகாகச் சொல்ல முடியாது. ஆனால் எந்தப் பாம்பின் தலையிலும் மணி உண்டாவதில்லை. உங்கள் உறவினர் அந்தக் கல்லுக்கு ஒரு ரூபாயும் தர வேண்டாம். விற்க வந்தவர்களைப் பற்றிக் காவல் நிலையத்தில் சொல்வதும் நல்லது.

இதையொட்டி ஒரு பெரியவரின் செயலைச் சொல்ல விரும்புகிறேன். மரகதத்தைக் கண்டால் பாம்பின் கண் குருடாகும் என்று பாரசீகத்திலும் அரபு நாடுகளிலும் எல்லாரும் நம்பினார்கள். நூல்களும் அப்படியே எழுதின. பதினோராம் நூற்றாண்டில் மணிகளைப் பற்றித் தனி நூல் எழுதிய அல்பிரூனி அதைச் சோதித்துவிடுவது என்று முடிவு செய்தார். பாம்புக்கு மரகத மாலையை அணிவித்தார், அது கிடந்த இடத்தில் மரகதங்களைப் பரப்பினார், கண்ணெதிரே மரகதச் சரத்தை ஆட்டிக் காட்டினார். வெயில் காலம், குளிர் காலம் என ஒன்பது மாதம் முயன்றும் பாம்பின் கண்ணுக்கு ஒன்றும் நேரவில்லை என்று எழுதிவைத்தார். மணிகளின் எடைக்கும் பருமனுக்கும் உள்ள விகிதத்தை அளந்து, ஒரு கல்லிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறியும் வழியைக் காட்டியவரும் அவரே.

திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகி: திருவிளையாடற் புராணத்தில் இறைவன் மாணிக்க வணிகராக வருவது ஏன்?

பரஞ்சோதி முனிவரின் 'மாணிக்கம் விற்ற படல'த்தைக் கேட்கிறீர்கள். வேட்டைக்குச் சென்ற வீரபாண்டியன் புலியால் இறந்துவிட, காமக்கிழத்தியர் மைந்தர் கருவூலத்தைக் கொள்ளையடித்து முடியையும் கவர்ந்து போகின்றனர். சிறுவனாகிய பட்டத்து மைந்தனுக்கு முடி செய்ய மணிகள் இல்லாமல் அமைச்சர்கள் கலங்கி நிற்கும்போது சோமசுந்தரக் கடவுள் வணிகராக எதிர்ப்படுகிறார். விற்கும் முன் ஒவ்வொரு மணியின் பிறப்பையும் குணத்தையும் குற்றத்தையும் விரித்துச் சொல்கிறார். மணிநூல் முழுவதும் அங்கே இறைவன் வாயில் வைக்கப்பட்டிருக்கிறது.

அந்தப் பிறப்புக் கதை வலன் என்னும் அசுரனுடையது. இந்திரனை வென்ற அவன், இந்திரன் கேட்ட வரத்துக்காகத் தானே வேள்விப் பசுவாகி உயிர் கொடுத்தான். அவன் குருதி மாணிக்கமாகவும், பல் முத்தாகவும், எலும்பு வயிரமாகவும், பித்தம் மரகதமாகவும், கண் நீலமாகவும் ஆயின. கருட புராணத்திலும், புத்தபட்டர் இயற்றிய இரத்தின பரீட்சை என்னும் வடமொழி நூலிலும் இதே கதை இருக்கிறது. சைவ, வைணவ, பௌத்த மரபினர் மூவரும் ஒரே கதையால் மணிநூலைத் தொடங்கியிருக்கிறார்கள். இதில் என்னைத் தொடுவது, மணிகள் ஒரு தேவனின் உடலிலிருந்து வரவில்லை, சொன்ன சொல்லைக் காத்த அசுரனின் உடலிலிருந்து வந்தன என்பதே. முடியைப் பறிகொடுத்த நாட்டுக்கு முடி செய்ய வந்த மணிகளின் கதையாக இதை வைத்த முனிவரின் பொருத்தம் மிக நுட்பமானது.

திருச்சியிலிருந்து ஒரு வாசகர்: என் தாத்தா கல் பட்டை தீட்டும் தொழில் செய்தவர். அவர் கையால் எழுதிய நோட்டு ஒன்று கிடைத்தது. சாதி, தோஷம், நீரோட்டம், தாரை என்று சொற்களும் எடைக் கணக்குகளும் இருக்கின்றன. வீட்டில் பழைய தாளோடு போடச் சொல்கிறார்கள். இதற்கு மதிப்பு உண்டா?

தயவுசெய்து போட்டுவிடாதீர்கள். 1315ஆம் ஆண்டில் தில்லியில் அலாவுதீன் கில்ஜியின் கருவூலத்தில் பணிபுரிந்த தக்குர பேரு என்னும் சமணர், தம் மகனுக்காகப் பிராகிருதத்தில் ஒரு மணிநூல் எழுதினார். கருவூலத்தில் தாமே பார்த்த கற்களின் எடையும் விலையும் அதில் இருப்பதால்தான் இன்றும் ஆய்வாளர்கள் அதைத் தேடிப் படிக்கிறார்கள். உங்கள் தாத்தாவின் நோட்டும் அந்த இனத்தைச் சேர்ந்தது. அவர் எழுதியிருக்கும் தாரை என்ற சொல் அடியார்க்குநல்லார் உரையிலும் தஞ்சைக் கல்வெட்டிலும் இருக்கிறது. பட்டறையில் அதை எந்தப் பொருளில் சொன்னார்கள் என்பதை ஏட்டை மட்டும் படித்தவர்கள் அறிய மாட்டார்கள்.

முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். பிறகு, தாத்தாவோடு அதே பட்டறையில் இருந்தவர்கள் யாரேனும் உயிரோடு இருந்தால், நோட்டை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். நீரோட்டம் என்று எழுதியிருக்கும் இடத்தில் ஒரு கல்லைக் கையில் கொடுத்து, எதை நீரோட்டம் என்று சொல்வீர்கள், காட்டுங்கள் என்று கேளுங்கள். அவர்கள் கல்லைத் திருப்பும் விதத்தையும் சொல்லும் சொற்களையும் அப்படியே, திருத்தாமல், அந்த நோட்டின் எதிர்ப்பக்கத்தில் எழுதுங்கள். அதன்பின் ஒரு படியைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகத்துக்கோ சென்னையிலுள்ள உ.வே.சாமிநாதையர் நூல்நிலையத்துக்கோ கொடுக்க விரும்பினால், எனக்கு எழுதுங்கள், கூட வருகிறேன்.